ஜமா ஓடிய அறுப்பு வயல்

பக்கத்துப் போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண்ணுக்கு வங்கியில் வேலை. காலையில் தூறலில் நனைந்த நாயோடு வந்து, "சார், இங்க நாய அவுத்து வுட எடம் எதனா இருக்குதுங்களா?" என்று கேட்டாள். தாலுகா ஆபீஸில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால், எந்த மனு எந்த மேசைக்குப் போகும் என்று என்னிடம் கேட்பவர்கள் இன்றும் உண்டு. இந்தக் கேள்வியை நானே ஒருகாலத்தில் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஈர ரோமத்தின் வாடை வந்தது. ஜமாவின் வாடை.

ஜமாபந்தியின் சுருக்கம்தான் ஜமா. கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அந்த நாட்களில், கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீஸ் பந்தலடியில் கறுப்பு நாய்க்குட்டியொன்று கிடந்தது. ஆட்சேபணை எதுவும் வராததால் எனக்கே பாத்தியமாயிற்று. நான் தனிக்கட்டை; அப்போதும். மெஸ் சாப்பாடு, சைக்கிள், ஒற்றை அறை. அதுவரை சாயங்காலம் என்னை எதிர்பார்த்திருந்தது பூட்டு மட்டும்தான்.

பகலெல்லாம் சங்கிலியில் கிடக்கும் பிராணியை மாலையிலாவது ஓடவிட வேண்டும். எனக்கு நிலவகைப்பாடு மனப்பாடம். ஆகவே நடைமுறைப்படி அரசு நிலத்திலிருந்து தொடங்கினேன். மேய்ச்சல் புறம்போக்கு என்று நம்பிப் போன இடத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பூத்திருந்தது.

"இன்னா சார், எங்க கொல்லில நாய வுட்டுக்கினு?" என்றார் களையெடுத்துக்கொண்டிருந்த அம்மாள்.

இது சர்க்கார் நிலம் என்று விளக்கினேன்.

"சர்க்காரு வந்தா நான் பேசிக்கிறேன். நீங்க நாயப் புடிங்க."

சர்க்கார் நான்தான் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. ஏரிக்கரையில் துணி காய்ந்தது. கல்வராயன் மலையடிவாரம் காப்புக்காடு. அங்கே அவிழ்த்துவிட்டால் என்மேல் எந்தப் பிரிவில் வழக்கு வரும் என்பது எனக்கே தெரியும்.

கடைசியில் இடம் கிடைத்தது பட்டா நிலத்தில். எலவனாசூர்கோட்டைச் சாலையில், அறுப்பு முடிந்த வயல்கள். நெல் வீட்டுக்குப் போய்விட்டால் கொஞ்சநாள் யார் வேண்டுமானாலும் குறுக்கே நடக்கலாம். உடையவர் ஏன் என்று கேட்கமாட்டார். சட்டத்தில் இதற்கு இடமில்லை. ஊரில் இருந்தது. காதுகள் பின்னே படிய ஜமா அறுத்த நெல்தாள்களின்மேல் ஓடுவதை வரப்பில் உட்கார்ந்து பார்ப்பேன். பேச ஆளில்லை. தேவையுமில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

எருவுக்காக அங்கே ஆட்டுக்கிடை போட்டார்கள். ஆடுகளோடு வந்தவர் ஏழுமலை. முதல்நாள் ஜமா ஆடுகளைப் பார்த்துக் குரைத்தது. சில நாளில் விலகிப் போகும் ஆட்டை மடக்கிக் கொண்டுவந்து சேர்த்தது. பிறகு நான் கூப்பிட்டால் வரத் தாமதமாயிற்று.

"நாயி ஒங்களுதுதாங்க," என்றார் ஏழுமலை. "ஆனா அதுக்கு இங்க வேல கெடச்சிட்சி."

நியமன ஆணை வாங்காமலே சேர்ந்துவிட்டதே என்றேன். சிரித்தது நான் மட்டும்தான்.

கோடை வெயில் ஏறியதும் கிடை மலைப்பக்கம் பெயர்ந்தது. அன்று சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். ஆடுகள் சாலையேறின. கடைசி ஆட்டின் பின்னால் போன ஜமா நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது.

"கூப்புடுங்க சார், வந்துரும்."

வந்திருக்கும். அதைக் கட்டிப்போடும் ஜன்னல் கம்பி ஞாபகத்துக்கு வந்தது. "இட்டுக்கினு போங்க," என்றேன்.

அன்று பூட்டைத் திறக்க வெகுநேரம் பிடித்தது.

அடுத்த அறுப்புக்குக் கிடை திரும்பியபோது, "ஜமா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். ஓடிவந்து கையை முகர்ந்து, முழங்காலில் ஒருமுறை சாய்ந்து நின்றது. வரப்புக்கு அப்பாலிருந்து "கருப்பா" என்று ஏழுமலையின் குரல் வந்ததும் போய்விட்டது.

இப்போது அங்கே தாளுமில்லை, கிடையுமில்லை. வயல்கள் மனைகளாகி, மனைக்கொரு சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் வந்துவிட்டன. அப்படியொரு கதவுக்குள்தான் நானும் குடியிருக்கிறேன், அந்தப் பெண்ணும்.

"மொட்டமாடிலதாம்மா வுடணும்," என்றேன்.

மாலையானதும் என் தலைக்குமேல் நகங்களின் சத்தம் கைப்பிடிச்சுவர்வரை ஓடியது. அங்கே நின்று, திரும்பியது.