கரண்ட் சோதினைக்கு ஒரு சோடிச் சப்பாத்து

அப்பா வயரிங் லைசன்ஸ் சோதினையில் தோற்று வந்த மத்தியானம் கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான் மூவரும் இருந்தோம். சித்தப்பா இல்லை. அப்பாவோடு வயரிங் வேலைக்குப் போய்வந்த அவர், ஒருநாள் பையில் வயர்ச் சுருளோடு ஆமியின் செக்பொயின்ற்றில் பிடிபட்டார். குண்டுக்குத்தானே இது என்று அடித்துக் கேட்டார்களாம். விடுபட்ட கையோடு வவுனியாவுக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அம்மா பிடிவாதமாக நின்றார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்பா வெள்ளவத்தை ஃபிளாட்டுகளுக்கு வயர் இழுத்தவர். லைசன்ஸ் எங்கே என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. இனி முத்திரை குத்திய கார்ட் இல்லாமல் அந்தப் பையைத் தூக்கக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. தமிழன் ஏன் வயரோடு திரிகிறான் என்று ஆமிக்காரன் கேட்டால் அந்தக் கார்ட் பதில் சொல்லும்.

எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஃபியூஸ், எர்த் என்று கேள்விகளை வாசித்து அப்பாவைப் பாடம் கேட்டவனும் நானே. அவர் ஒன்றுக்கும் பிழையாகச் சொன்னதில்லை. ஆகவே அந்தத் தோல்வியை என் தோல்வியாகவே எடுத்துக்கொண்டேன்.

"எந்தக் கேள்வியை விட்டனீங்கள், அப்பா?"

"ஒண்டும் விடேல்லை. போர்டைப் பூட்டி முடிச்சு, கரண்ட் குடுக்கப் போனன். சோதினை எடுக்கிற சேர் என்ர காலைப் பார்த்தார்."

"காலில என்ன?" என்றார் அம்மா.

"ஒண்டுமில்லை. அதுதான் பிழை."

வேலை செய்யும் வீட்டு வாசலிலெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியே பழகிய மனிதர், சோதினை அறை வாசலிலும் கழற்றி ஓரமாக வைத்திருக்கிறார். பிறகு வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்று மெயின் சுவிட்ச்சில் கை வைத்திருக்கிறார். வேலை சுத்தம், ஆனால் இப்படி நின்றால் செத்துப்போவாய், அடுத்தமுறை காலை மூடிய சப்பாத்தோடு வா என்று அந்தச் சிங்கள சேர் சொல்லி அனுப்பினாராம்.

மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அத்தான், உள்ள போக முதல் தேங்காயும் உடைச்சனீங்களோ?"

"சிரியடா, சிரி. பெரிய மனிசர் இருக்கிற இடத்துக்குள்ள எப்பிடிச் செருப்போட ஏறுறது?"

அம்மா சிரிக்கவில்லை. "திரும்பக் காசைக் கட்டுங்கோ. சப்பாத்தும் வாங்குங்கோ. அவ்வளவுதான்."

அந்தக் கிழமையே அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மருதானைக்குப் போனார். என் பள்ளிக்கூடச் சப்பாத்து வாய் பிளந்து பெருவிரல் வெளியே தெரிந்தது; புதுசு வாங்கித் தருவதாக எப்போதோ சொல்லியிருந்தார். கடையில் தடித்த ரப்பர் அடி வைத்த கறுப்புச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, வெள்ளத்தில் நடப்பவர்போல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் குனிந்து ஏதோ கதைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மகன், உன்ர அளவு முடிஞ்சுதாம். மருதானை முழுக்கவே இல்லையாம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு ஊரே சேர்ந்தும் சப்பாத்துக் கொடுக்க முடியாத பாதம் எனக்கு வாய்த்திருப்பதாக வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். அம்மா பழைய சப்பாத்துக்குள் மட்டையை வெட்டி வைத்து, வாயைத் தைத்துத் தந்தார்.

அடுத்தமுறை அப்பா பாஸ். கார்ட் வந்தபின் முதல் வேலைக்கு வெள்ளவத்தைக்குப் போனபோது, பள்ளிக்கூட விடுமுறை என்பதால் நானும் கூடப் போனேன். செக்பொயின்ற்றில் ஆமிக்காரன் பைக்குள் கைவிட்டு வயர்ச் சுருளை வெளியே எடுத்தான். அப்பா கார்ட்டை நீட்டினார். அவன் படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், ஏனோ அப்பாவின் சப்பாத்தையும் பார்த்தான். சுருளைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

கொஞ்சத் தூரம் வந்த பிறகும் அப்பா பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டே நடந்தார். பை பாரம் என்று நினைத்து ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன்.

இப்போது கூட்டிப் பார்க்கிறேன். அந்தக் கார்ட்டுக்கு எங்கள் வீடு கொடுத்தது, சோதினைக் காசு இரண்டு தரம், சப்பாத்து இரண்டு சோடி. ஒரு சோடி வாங்கியது. மற்றச் சோடி எனக்கு வாங்காதது.