ராணி அக்கா திறந்த பெட்டி

செவ்வாய்க்கிழமை காலை பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் ரயில் மாறிக்கொண்டிருந்தபோது செல்வராணி அக்காவின் மகள் யாழினி அழைத்தாள். அம்மா விடியற்காலை போய்விட்டார் என்று பிரெஞ்சில் சொன்னாள். யார் யாருக்குச் சொல்வது என்று தனக்குத் தெரியாது, அம்மாவின் தொலைபேசியில் என் பெயர் இருந்தது என்றாள். மறுநாள் லா ஷப்பலில் எங்கள் தமிழ்க் கடைக் கண்ணாடிகளில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. படத்துக்குக் கீழே "சாந்தமே உருவானவர்" என்று அச்சிட்டிருந்தார்கள். நடைபாதையில் நின்று அதை இரண்டு தரம் வாசித்தேன். ராணி அக்காவை அறிந்த எவரும் அந்த வரியை எழுதியிருக்க முடியாது. அவர் கோபக்காரி. அந்தக் கோபத்துக்குக் காரணமானவர்கள்தான் இப்போது அதை அழித்து எழுதியிருக்கிறார்கள்.

லா கூர்னெவில் ஒரு பொதிகட்டும் கிடங்கில் ஒன்பது வருடம் அவருக்குப் பக்கத்து மேசையில் நின்று வேலை செய்தேன். ஏலத்துக்குப் போகிற சிலைகள், பீங்கான்கள், பணக்காரர் வீட்டு வரவேற்பறைக்குப் போகிற புதைபடிவங்கள் எல்லாம் எங்கள் கைகளால்தான் சுற்றப்பட்டன. ஒருமுறை நான் அவசரமாகக் கட்டிய குடுவையொன்றை லொறியில் ஏற்றிய பிறகு இறக்குவித்தார். சாரதி கத்தினான். அக்கா அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. "கட்டேக்கை திறக்கிறவனை நினைச்சுக் கட்டோணும் தம்பி. லொறிக்காரனை நினைச்சுக் கட்டக் கூடாது" என்றார். நான் முழுவதையும் அவிழ்த்து மறுபடி கட்டும்வரை பக்கத்திலேயே நின்றார்.

அந்தப் பெட்டி எட்டு வருடங்களுக்கு முன், ஒரு குளிர்கால வெள்ளிக்கிழமை வந்தது. மூலை நொறுங்கியிருந்ததால் திறந்து மறுபடி கட்டச் சொன்னார்கள். வெளியே "மொரோக்கோ, அலங்காரக் கல்" என்று ஒட்டியிருந்தது. நானும் அக்காவும் மூடியைத் தூக்கினோம். செம்மஞ்சள் மணற்பாறைக்குள் பாதி பதிந்தபடி வெள்ளையாக ஒரு மிருகத்தின் எலும்புகள் கிடந்தன. ஆட்டளவு உடம்பு, கிளிக்கு இருப்பது போன்ற சொண்டு, தலைக்குப் பின்னால் விசிறி போல விரிந்த எலும்பு. முன்கால்கள் மடிந்தபடி இருந்தன.

அக்கா மொரோக்கோக் கற்களை எத்தனையோ தடவை கட்டியவர். மணலை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "உது மொரோக்கோ மண் இல்லை" என்றார். இடைவெளியில் திணித்திருந்த செய்தித்தாளை விரித்தார். ரஷ்ய எழுத்து மாதிரி இருந்தது. தொலைபேசியை அதன்மேல் பிடித்தோம். மொங்கோலிய மொழி என்று காட்டியது.

சனிக்கிழமை முழுவதும் அவர் நூலகத்தில் இருந்திருக்கிறார். திங்கட்கிழமை கையுறை போட முதலே எனக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார். கோபிப் பாலைவனத்தில் ஜடோக்தா என்றொரு பாறை அடுக்கு இருக்கிறது. டைனோசர் காலத்திலும் அங்கே பாலைவனம்தான். மணல்மேடு சரிந்து உயிரோடு மூடிய மிருகங்கள், ஏழு கோடி வருடங்களுக்கு மேலாக, விழுந்த கோலம் கலையாமல் அதற்குள் கிடக்கின்றன. மொங்கோலியச் சட்டப்படி அவற்றை விற்கவும் கூடாது, விற்பதற்காக வெளியே கொண்டுபோகவும் கூடாது. "அப்ப இது நடந்தோ இஞ்சை வந்தது?" என்று கேட்டார்.

எங்கள் பொறுப்பாளர் நேசன் அண்ணை. எங்கள் எல்லோருக்கும் அந்த வேலையை எடுத்துத் தந்தவர் அவர்தான். அக்கா நேரே அவரிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

"எல்லாப் பேப்பரும் இருக்கு அக்கா. முத்திரை குத்தின பேப்பர். பேசாமல் கட்டுங்கோ" என்றார் நேசன் அண்ணை.

"பேப்பர் இருந்தால் களவில்லையோ?"

"எங்களுக்கேன் உந்தக் கதை? நாங்கள் கட்டுற ஆக்கள்."

"நேசன், நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பிப் போகேக்கை என்ரை வீட்டிலை கதவும் இல்லை, யன்னலும் இல்லை. நாலு ஒழுங்கை தள்ளி ஒரு புதுவீட்டிலை என்ரை கதவு நிக்குது. அப்பா கொண்டி மாத்தேக்கை விழுந்த ஓட்டையும் அதிலை இருக்குது. அந்த மனிசன் எனக்குத் துண்டைக் காட்டினான், தான் வாங்கினது எண்டு. அதுவும் முத்திரை குத்தின துண்டுதான்."

நேசன் அண்ணை சிரித்தார். அக்கா மேசையில் கிடந்த கத்திரிக்கோலை எடுத்துச் சுவரில் எறிந்தார். அறிவித்தல் ஒட்டியவர்களே, இதுதான் உங்கள் சாந்த உருவம்.

அடுத்த நாள் அவர் வேலைக்கு வரவில்லை. செய்தித்தாளின் ஒரு கிழிசல், பொலித்தீன் பையில் ஒரு பிடி மணல், தொலைபேசியில் எடுத்த படங்கள் ஆகியவற்றோடு சுங்க அலுவலகத்துக்குத் தனியாகப் போனார். அவருக்குத் தெரிந்தது கிடங்கில் பழகிய பிரெஞ்சு மட்டும்தான். நான்காம் நாள் அதிகாரிகள் வந்து பெட்டியைக் கொண்டுபோனார்கள்.

என்னையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். பெட்டியைத் திறந்தபோது நானும் நின்றேன் என்று அக்கா சொல்லியிருந்தார். என் வதிவிட அட்டை முடிய இரண்டு மாதம் இருந்தது. அதைப் புதுப்பிக்கத் தேவையான வேலைக் கடிதத்தைக் கிடங்குதான் தரவேண்டும். நான் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னேன். அவர்கள் அதை அப்படியே எழுதித் தந்த தாளில் கையெழுத்தும் வைத்தேன்.

அக்காவின் ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. கிடங்கின் அந்தப் பகுதியை மூடினார்கள். எங்கள் ஆட்கள் மூன்று பேருக்கு வேலை போனது. என்னை வேறு பகுதிக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு லா ஷப்பலில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள், நீங்கள்தான் நடத்தினீர்கள். "காட்டிக் குடுத்தவள்" என்றீர்கள். போரைக் கடந்து வந்த எங்கள் சனத்துக்கு அந்தச் சொல் எவ்வளவு பாரம் என்று தெரிந்துதான் சொன்னீர்கள். அவர் மரக்கறிக் கடைக்குள் வந்தால் பேச்சு நின்றது. எபினேயில் ஒரு வீட்டுப் பிறந்தநாளுக்கு அழைப்பிதழ் கொடுத்தவர்களே தொலைபேசியில் கூப்பிட்டு, "வராமல் விட்டால் நல்லது" என்றார்கள். வேலை போன மூவரும் கோபப்பட்டிருந்தால் எனக்கு விளங்கும். அவர்களில் ஒருவர்கூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சொன்னவர்கள் ஒன்றையும் இழக்காதவர்கள்.

அவர் ஓர் உணவகத்தின் சமையலறையில் வெங்காயம் உரிக்கப் போனார். மூன்று வருடம் கழித்து எலும்புகள் மொங்கோலியாவுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டன. எலும்புகளுக்கு முன்னால் அதிகாரிகள் கைகுலுக்கும் படம் ரயிலில் கிடந்த இலவசப் பத்திரிகையில் வந்திருந்தது. விசாரித்தவர்களின் விழிப்பைப் பாராட்டியிருந்தார்கள். பொதி கட்டும் ஒரு பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பத்திரிகையை எடுத்துக்கொண்டு சமையலறைப் பின்வாசலுக்குப் போனேன். அக்கா கையைத் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"சொண்டிலை கீறல் ஒண்டும் இல்லை. ஒழுங்காத்தான் கட்டியிருக்கிறாங்கள்."

"உங்களைக் கூப்பிட்டிருக்கோணும் அக்கா."

"கூப்பிட்டிருக்கோணும்தான். எனக்குக் கோவம்தான். கோவம் இல்லையெண்டு நான் எப்ப சொன்னனான்?"

சென்ற ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டம் நடந்தது. நேசன் அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்து, நேர்மைக்கு ராணி அக்காவை விட்டால் ஆளில்லை, தங்களோடு ஒரு குடும்பம்போல வேலை செய்தவர் என்று பேசினார். நான் எழுந்து நின்றேன்.

"அண்ணை, அவவின்ரை வேலை ஏன் போனது எண்டதையும் சொல்லுங்கோ."

முன்வரிசையில் ஒரு பெண், "செத்த வீட்டிலை உது தேவையோ?" என்றார்.

"உயிரோடை இருக்கேக்கை ஆர் கேட்டனியள்?" என்றேன். நேசன் அண்ணை தண்ணீர் குடித்துவிட்டு இறங்கிப் போய்க் கதிரையில் இருந்தார். அடுத்தவர் தேவாரம் பாடத் தொடங்கினார்.

யாழினி படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள். அம்மா வேலையில் பிழை விட்டதால் நிறுத்தினார்கள் என்றுதான் அவள் சின்ன வயதில் கேள்விப்பட்டிருக்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன். என் கையெழுத்தையும் சொன்னேன். "ஏன்?" என்று பிரெஞ்சில் கேட்டாள். அட்டை முடிய இருந்தது என்றேன். அவள் மரணப் பதிவுக்காகக் கொண்டு திரிந்த கோப்பைத் திறந்து, அம்மாவின் பழைய வதிவிட அட்டையை எடுத்து என் கையில் தந்தாள். அக்கா சுங்கத்துக்குப் போவதற்கு முந்திய வாரமே அது முடிந்திருந்தது. அன்று அவர் ஒரு தற்காலிக அனுமதித் துண்டோடுதான் போயிருக்கிறார். ஒன்பது வருடம் பக்கத்து மேசையில் நின்ற நான் அதைக் கேட்டறியவில்லை.

நடந்தது முழுவதையும் பிரெஞ்சில் எழுதிக் கையெழுத்திட்டு யாழினிக்குக் கொடுத்துவிட்டேன். இன்று எனக்குக் குடியுரிமை இருக்கிறது. ஆகவே இதில் துணிவு எதுவும் இல்லை.

அக்கா அந்தக் கையெழுத்தைப் பற்றி என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. தேநீர் தந்தார். மகளின் படிப்பைப் பற்றிக் கதைத்தார். என் மனைவி வருத்தமாய்ப் படுக்கையில் கிடந்தபோது நாங்கள் இருக்கும் பொண்டிக்கு பஸ் ஏறி வந்து சமைத்துவிட்டுப் போனார். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும். அந்தப் பொய்யை அவர் சொல்லாமல் விட்டதைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன்.