மாசி வாசம்

கந்த சஷ்டியின் ஐந்தாம் நாள். ஸ்பிரிங்வெளி மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த அண்ணி சோர்ந்து உட்கார்ந்தார். குழந்தை வேண்டி விரதம். தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய சீஸை வெண்ணெய், மிளகோடு மிக்ஸியில் அரைத்து, பாண் துண்டில் தடவிக் கொடுத்தேன்.

"பால்ல செஞ்சதுதான் அண்ணி, சாப்பிடுங்க."

பாதி தின்றவர் நிமிர்ந்தார். "என்ன தம்பி, மாசி வாசம் அடிக்குது?"

விரதத்துக்காக வீட்டையே கழுவியிருந்தோம். மிக்ஸி ஜாரைக் கழுவியது நான். அடியிலிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றவில்லை. மாசிக் கருவாட்டுச் சம்பல் அரைத்த மிச்சம் அதில் இருந்திருக்கிறது.

"சீஸ்னா அப்பிடித்தாங்க நாறும்" என்றேன்.

"இதத்தான் வெள்ளக்காரன் ஆசையா திங்கிறானாக்கும்!" சிரித்தபடி மீதியையும் சாப்பிட்டார்.

குழந்தை பிறந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். பிறக்கவில்லை. விரதங்களை நம்புகிறவனல்ல நான். ஆனால் அடுத்த ஐப்பசியில் மறுபடி காப்புக் கட்டிக்கொண்ட அண்ணி, "போன தடவ நான்தான் எங்கயோ கொற வச்சிட்டேன் தம்பி" என்றபோதும் நான் வாயைத் திறக்கவில்லை.