பெருங்காயம் போட்ட மோர்

என் மனைவியின் ரவிக்கைகளை அவள் தங்கை மறுபடியும் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கம்மாபுரத்திலிருந்து வரும்போதெல்லாம் அவளுக்கு இதே வேலையாகிவிட்டது.

"என்னக்கா, இந்த மாமா வூட்ல சோறு போடறாரா இல்லியா?"

"நல்லாத்தான்டி திங்கிறேன். தின்னது ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது."

கண் பட்டிருக்கும் என்று முடிவு செய்து, தங்கை மிளகாய் சுற்றிப் போட்டாள். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த நான், முறைப்படி ரத்தம், தைராய்டு, ஸ்கேன் என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். இரண்டு வழிக்கும் பலன் ஒன்றுதான். ரத்தம் குறைவு என்று விருத்தாசலத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் ஏறவில்லை.

எனக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் இரவுக்குச் சப்பாத்தி. அரிசி குற்றவாளி, கோதுமை நிரபராதி என்று எங்கள் தெருவே தீர்ப்பெழுதியிருந்தது. சர்க்கரை இல்லாத அவளும், ஒரு வீட்டுக்கு ரெண்டு சமையலா என்று அதையே சாப்பிட்டாள். அவள் மெலிய மெலிய, சத்து சேரட்டும் என்று காலையில் கோதுமை ரவை உப்புமாவும் சேர்ந்துகொண்டது. வயிற்றுப்போக்கு இருப்பதை மட்டும் அவள் வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற விஷயமா அது என்பாள்.

கடைசியில் பாண்டிச்சேரியில் ஒரு பெண் மருத்துவர் வாய்வழியே குழாய் விட்டுச் சிறுகுடலிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்களை உட்காரவைத்து விளக்கினார்.

"வாயில அரைச்சது வயித்துல கூழாகி சிறுகுடலுக்குப் போகுது சார். அங்க பித்தநீரும் கணையநீரும் சேர்ந்து அதை இன்னும் ஒடைக்குது. ஒடைஞ்ச சத்தை உறிஞ்சி ரத்தத்துல சேர்க்கறதுக்கு, குடல் சுவர் முழுக்க ரொம்பச் சின்னச்சின்ன விரல் மாதிரி இருக்கும். அம்மாவுக்கு அந்த விரலெல்லாம் தேஞ்சு தட்டையாயிடுச்சு."

குடலுறிஞ்சிகள். பள்ளியில் படம் வரைந்து, பாகம் குறித்து, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். எனக்கு அது வேறு மாதிரி புரிந்தது. கோப்பு எல்லா மேசையும் தாண்டி, எல்லாக் கையெழுத்தும் வாங்கி வந்துவிட்டது. கடைசி மேசையில் பெற்றுக்கொள்ள ஆள் இல்லை. அப்படியே வெளியே போய்விடுகிறது.

கோதுமையில் உள்ள ஒரு புரதத்தை அவள் உடம்பு எதிரியாக எடுத்துக்கொண்டு, அதை விரட்டுவதாக நினைத்துத் தன் குடலையே அரித்துக்கொண்டிருந்ததாம். இனி கோதுமை, மைதா, ரவை எதுவும் துளிகூடக் கூடாது.

"சோறு திங்கலாமில்ல?" என்று கேட்டாள் மனைவி. திங்கலாம் என்றதும் சிரித்துவிட்டாள்.

மாவு டப்பாக்களைக் காலி செய்து கழுவிக் கவிழ்த்தேன். எனக்குத் தனியாகச் சப்பாத்தி என்ற பேச்சையும் எடுக்கவில்லை. மழை முடிந்து பனிக்காலமும் வந்தது. அவள் தேறவில்லை. காலில் வீக்கம் கண்டது. மறுபடியும் பாண்டிச்சேரிக்குப் போனோம்.

மருத்துவரின் முகம் முன்பு போல் இல்லை. "சுத்தமா நிறுத்தியும் ஆறலைன்னா வேற மாதிரி யோசிக்கணும் சார். சில பேருக்குக் குடல்ல கட்டி வைக்கும். நல்ல கட்டியா இருக்காது."

அடுத்த பரிசோதனைக்கு எழுதப்போனவர், பேனாவை நிறுத்தி, தினமும் என்னென்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார்.

"சோறு, ரசம், மோருங்க," என்றாள் மனைவி. "வயிறு சரியில்லாத அன்னிக்கு மோர்ல பெருங்காயம் கொஞ்சம் தூக்கலா போட்டுக்குவேன். வயித்துக்கு நல்லதாச்சே."

"வயிறு என்னிக்கும்மா சரியில்ல?"

"என்னிக்குந்தான்."

"கடைப் பெருங்காயமா?"

"ஆமாங்க, கட்டி."

"அது கூட்டுப் பெருங்காயம்மா. அதுல பெரும்பாலும் கோதுமை மாவு, மைதா கலப்பாங்க."

மனைவி என்னைப் பார்த்தாள். வயிறு கெட்டதால் பெருங்காயம், பெருங்காயத்தால் வயிறு. இத்தனை ஒழுங்காக ஓடிய சுற்றறிக்கையை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

செய்தி கேட்ட தங்கைதான் அதிகம் புலம்பினாள். "நானேதானக்கா ஒசத்தியா வாங்கியாந்து குடுத்தேன்!"

"வுடுடி. நீ என்ன வெஷமா வாங்கியாந்த?"

பெருங்காயமும் வீட்டை விட்டுப் போயிற்று. ஆனால் மருத்துவர் குடலில் கட்டி என்று சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. பெருங்காயம்தான் காரணம் என்றால் கோடைக்குள் கொஞ்சமாவது தேற வேண்டும். தேறாவிட்டால் மறுபடியும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். இந்த வயதில் அந்த விரல்கள் பழையபடி வளருமா என்று கேட்டேன். சிலருக்கு வளரும் என்றார்.

இப்போது பங்குனி. ஒவ்வொரு வேளையும் அவள் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்துகொள்கிறேன். கன்னத்தைப் பார்க்கிறேன், கணுக்காலைப் பார்க்கிறேன். வீக்கம் வடிந்தது போல ஒரு நாள் தெரிகிறது, மறுநாள் தெரியவில்லை.

நேற்று மத்தியானம் பாதிச் சோற்றில் கையை நிறுத்திவிட்டாள்.

"ஏங்க, இப்படி மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தா எனக்கு எப்படி எறங்கும்? அந்தாண்ட போங்க."

எழுந்து வாசலுக்கு வந்தேன். பீங்கான் தொழிற்பேட்டைக்குக் களிமண் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வெயிலில் உறுமிக்கொண்டு போனது. அது தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, உள்ளே மறுசோற்றுக்குப் பானை மூடி திறக்கிற சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.