எங்கள் அண்ணன் இளைத்த கதை

எங்கள் அண்ணன் தர்மாவைப் பற்றிப் பேச்செடுத்தால் கேமரன் மலைத் தேயிலை எஸ்டேட்டில் எல்லாரும் முதலில் சொல்வது அவன் குறட்டையைத்தான். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஏழாம் நம்பர் அவனுடையது, எட்டாம் நம்பர் என்னுடையது. நடுவில் இருப்பது பலகைச் சுவர். அவன் படுத்த அஞ்சாவது நிமிஷம் என் வீட்டுத் தட்டுமுட்டு சாமான்கள் ஆடும். "கொடுத்து வச்சவன், படுத்ததும் தூங்கிடுறான்" என்று லயமே பொறாமைப்பட்டது. நானும்தான் பட்டேன்.

அது தூக்கமில்லை, மூச்சுக்காக நடக்கும் சண்டை என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அண்ணி சாரதாவுக்கு மட்டும் அரைகுறையாகத் தெரிந்திருந்தது. குறட்டை சட்டென்று நின்றுவிடும். அவள் தூக்கத்திலேயே கையை நீட்டி அவன் தோளைத் தள்ளுவாள். அவன் பெரிதாக ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பான். கல்யாணமான நாள் முதல் அவளுக்கு இதே வேலை.

அண்ணன் கொழுந்து லோரி ஓட்டினான். காலையில் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, மத்தியானம் மலை மாதிரி சோறு, சாயந்திரம் தானா ராத்தா டவுனில் ரொட்டி சானாய்ப் பரோட்டா, இடையிடையே கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணீர். அவன் சாப்பிடுவதைப் பார்க்க அழகாக இருக்கும். குழந்தை மாதிரி, ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவான். நாங்கள்தான் ஊட்டி ஊட்டிக் கெடுத்தோம்.

போன வருடம் ஏப்ரலில், பட்டப்பகலில், கொழுந்தோடு இறக்கத்தில் வந்தவன் ஸ்டேரிங்கைப் பிடித்தபடியே தூங்கிப்போனான். லோரி வளைவில் திரும்பாமல் நேராகப் போய்க் கால்வாயில் சாய்ந்தது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. ஆனால் மேனேஜர் சாவியை வாங்கிக்கொண்டார். "டாக்டர் கடிதம் கொண்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அவன் கையில் தொழிற்சாலைத் துடைப்பத்தைக் கொடுத்தார். இருபத்திரண்டு வருடம் ஸ்டேரிங் பிடித்த கை அது. மகள் பூவிழி பார்த்துவிடக் கூடாது என்று பள்ளி பஸ் வரும் நேரத்தில் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வான். 

ஈப்போவில் ஓர் இரவு படுக்கவைத்து, உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிச் சோதித்தார்கள். மணிக்கு நாற்பது தடவை மூச்சு நிற்கிறதாம். கழுத்துச் சதை தொண்டையை அமுக்குகிறது, எடையைக் குறைத்தால் பாதிச் சீக்கு போகும் என்றார் டாக்டர். மூச்சு நிற்காமல் காற்றை ஊத, முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மிஷின் கொடுத்தார்கள். மூக்கிலிருந்து குழாய் தொங்குவதைப் பார்த்துவிட்டு பூவிழி அவனைப் பிள்ளையாரப்பா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார். "எடை குறைஞ்சாலும் மிஷினை நீங்களா நிறுத்தக் கூடாது. மறுபடி சோதனை பண்ணி நான் சொன்ன பிறகுதான்." நானும் கூடத்தான் போயிருந்தேன். என் காதிலும் அது நன்றாகவே விழுந்தது.

சாப்பாட்டுக்கு நான்தான் போலீஸ். பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு சோறு, கால் தட்டு மீன். கேமரன் மலையில் காய்கறிக்கா பஞ்சம்? முட்டைக்கோஸைப் பார்த்தாலே அவன் முகம் செத்துப்போகும்.

"தங்கச்சி, நான் என்ன முயலா லா?"

"முயல் லோரி ஓட்டாது. நீ ஓட்டணும்ல, தின்னு."

கிளினிக் தராசு நூற்று இருபதுக்கு மேல் காட்டாது என்பதால் சனிக்கிழமைதோறும் கொழுந்து நிறுக்கும் மேடைத் தராசில் ஏறுவான். கணக்கெழுதும் கிராணி உரக்கப் படிப்பார். நூற்று முப்பத்தெட்டில் தொடங்கி, செப்டம்பரில் நூற்று இருபத்தேழுக்கு வந்தான். விறகுக்கட்டை மாதிரி நின்று கிராணி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பான். குறைந்திருந்தால் என்னைப் பார்த்துத்தான் முதலில் சிரிப்பான்.

அதற்குப் பிறகு முள் அசையவில்லை. இரண்டு மாதம் அதே நூற்று இருபத்தேழு. ஒளித்துவைத்துத் தின்கிறான் என்று எனக்குத் தெரியும். அவன் சட்டைப்பையில் ரொட்டி சானாய் வாசம் அடித்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் இன்னொரு செய்தி சொன்னார். தைப்பூசம் கழிந்து பதினைந்து நாளில், அண்ணன் இடத்துக்கு வந்த புது டிரைவரை நிரந்தரமாக்கப் போகிறாராம். ஈப்போவில் மறுசோதனையும் தைப்பூசத்துக்கு அடுத்த வாரம்தான். அதற்குள் இளைத்துக் காட்டாவிட்டால் லோரி போனது போனதுதான்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. டாக்டர் சொன்னால் கேட்காதவன் முருகன் சொன்னால் கேட்பான். "அண்ணே, இந்த வருஷம் நீ பால்குடம் எடு. நாப்பத்தெட்டு நாள் விரதம் இரு" என்றேன்.  "சரி தங்கச்சி. லோரிக்காகவே இருக்கேன்" என்றான்.

எங்கள் வீட்டில் விரதமென்றால் விரதம்தான். அப்பா காலத்திலிருந்து அதற்கென்று சட்டம் உண்டு, இப்போது அந்தச் சட்டப் புத்தகம் நான். ஒரு வேளை மரக்கறிச் சாப்பாடு. விடிகாலை பச்சைத்தண்ணீர் குளியல். மெத்தை கிடையாது, தலையணை கிடையாது, சாமி அறையில் தரையில் பாய். பெண்டாட்டி பக்கத்தில் படுக்கக் கூடாது. அண்ணி மகளோடு உள்ளறைக்குப் போனாள்.

முதல் நாள் சாயந்திரம் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான்.

"தங்கச்சி, மிஷினை என்ன பண்றது? சாமி அறைல மாட்டிக்கலாமா?"

நான் பூக்கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சொகுசெல்லாம் விட்டாத்தான் விரதம். பதினோரு கிலோ இளைச்சிட்டல்ல, இன்னும் எதுக்கு அந்தக் குழாய்? முருகன் பார்த்துக்குவான், போ."

அவன் போனான். நான் சொன்னால் அவன் மறுபேச்சு பேசியதே இல்லை. சின்ன வயதிலிருந்து அப்படித்தான், என்னைவிட நாலு வயது மூத்தவன், என் வாய்க்குப் பயந்தவன். அந்த வாயை இப்போது நினைத்தால் நெருப்பால் சுட வேண்டும் போலிருக்கிறது.

விரதம் நன்றாகவே வேலை செய்தது. ரொட்டி சானாய்க் கடைப்பக்கமே அவன் போகவில்லை. நாலாவது சனிக்கிழமை கிராணி நூற்றுப் பதினெட்டு என்று கூவியபோது கொழுந்து போட வந்தவர்களெல்லாம் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. குறட்டையும் மிஷினுக்கு முந்தின காலம் போல இல்லை; சுவருக்கு அந்தப்பக்கம் அவ்வப்போது நின்று நின்றுதான் கேட்டது. குணமாகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

முப்பத்தோராம் நாள் விடிகாலை, குளிக்க எழவில்லையே என்று கதவைத் தட்டினேன். அண்ணிதான் வந்து திறந்தாள். சாமி அறையில் விளக்கு அணைந்திருந்தது. அண்ணன் மல்லாக்கப் படுத்திருந்தான், கம்பளி மார்வரை நேராக இருந்தது. தொட்டேன். மார்கழிக் குளிரில் சிமெண்டுத் தரையே சில்லென்றுதான் இருக்கும். அவன் அதைவிடச் சில்லென்று இருந்தான்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டாக்டர் பழைய அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "மிஷின் போட்டிருந்தாரா?" அண்ணி தலையைக் குனிந்துகொண்டு, "விரதம், டாக்டர்" என்றாள்.  நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பேச வேண்டிய நேரத்தில்தான் என் வாய் அடைத்துப்போனது.

சாவு வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் ஒரே பாட்டைப் பாடினார்கள். விரதத்தில் போன ஜீவன், நேராக முருகன் காலடிக்குத்தான் போயிருக்கும், எல்லாருக்கும் கிடைக்குமா இந்தச் சாவு என்று. கூட்டத்தைத் துரத்திவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவர்கள் மேல் என்ன தப்பு? நான்தானே அந்தச் சாவை அவனுக்குப் பாய் போட்டுக் கொடுத்தேன்.

கருமாதி முடிந்த மறுநாள் என்னால் தாங்க முடியவில்லை. அண்ணி அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"அண்ணி, மிஷின் வேணாம்னு சொன்னது நான்தான். அவரு வந்து கேட்டாரு. நான்தான் போடாதேன்னேன்."

திட்டுவாள், அடிப்பாள், என் முகத்தில் விழிக்காதே என்பாள் என்று காத்திருந்தேன். அவள் கீரையைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும் குமுதா. அவரு எங்கிட்டயும் வந்து கேட்டாரு. தங்கச்சி இப்படிச் சொல்லுது, நீ என்ன சொல்றேன்னு. நானும் சரின்னுதான் சொன்னேன்."

"நீங்க ஏன் அண்ணி சரின்னீங்க?"

 கையில் இருந்த தண்டை ஒடித்து ஒடித்து முற்றலையும் இளசையும் ஒன்றாகவே போட்டுக்கொண்டிருந்தாள்.

"பத்தொம்பது வருஷமா நான் முழுசா ஒரு ராத்திரி தூங்கினதில்ல குமுதா. மூச்சு நிக்குதா நிக்குதான்னு காதை அங்கேயே வச்சிக்கிட்டுக் கெடப்பேன். மிஷின் வந்த பெறகும் அந்த பயம் போகல. விரதம்னு சொல்லி உள்ளறைக்குப் போனதும், அப்பாடான்னு இருந்திச்சு." கையில் இருந்த கீரையைக் கீழே வைத்தாள். "அவரு போன அன்னிக்குத்தான் நான் விடிய விடிய அசந்து தூங்கினேன். நீ வந்து கதவத் தட்டுற வரைக்கும்."