குளிரறை வாசலில் ஒரு ஜோடி செருப்பு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது என் கூடப்பிறந்த அக்காவுக்கு நடந்தது. அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் முகமே காட்டிக் கொடுத்துவிடும்.

மீன் கம்பெனி ஒன்றில் குளிரறைப் பொறுப்பு அக்காவுக்கு. மாமா போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை. ஒரு ராத்திரி வீடு திரும்பாவிட்டால் ஏன் என்று கேட்க நாதி கிடையாது. நானோ வேறு ஊரில்.

அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. குளிரறைக்குள் போகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொள்வார்கள். வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பூட்ட வருகிற வாட்ச்மேன் தரையைத்தான் பார்ப்பார்.

அன்று சனிக்கிழமை, அரை நாள் வேலை. காலையில் கொட்டோ கொட்டென்று மழை. கழுவுவதற்காக வீட்டுக்குக் கொண்டுபோயிருந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டே அக்கா வேலைக்கு வந்துவிட்டாள். எல்லோரும் கிளம்பிய பிறகு, ஒரு அடுக்கைச் சரியாக மூடினோமா என்று சந்தேகம் வந்து உள்ளே போனாள். வாசலில் விடுவதற்குத்தான் செருப்பு இல்லையே!

மதியம் 1.40.

‘டக்’ என்று வெளியே தாழ் விழுந்தது. விளக்கு அணைந்தது.

உள்ளேயிருந்து திறக்கும் பிடி ஒரு மாதமாகப் பழுது. “நாளைக்குச் சரி பண்ணிடலாம்” என்று மேனேஜர் சொன்ன அந்த நாளை இன்னும் வந்தபாடில்லை. போன் வெளியே மேஜையில். இனி திங்கட்கிழமைதான் கதவு திறக்கும். அந்தக் குளிரில் திங்கள் வரை உயிர் தாங்காது.

கை மரத்துப்போகும்வரை தட்டினாள். தொண்டை கட்டும்வரை கத்தினாள். பிறகு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

திக்கற்றவர்க்குத் தெய்வமே துணை என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்குப் பக்கத்திலேயே நாலு பேர் இருப்பார்கள். அக்காவுக்கு அன்று நிஜமாகவே வேறு யாரும் இல்லை.

“கடவுளே... உன்னை விட்டா எனக்கு யாரு? யாரையாவது அனுப்பு.”

இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம்.

டப்... டப்... டப்...

செருப்புச் சத்தம். அறைக்கு உள்ளே. செருப்பு போட்டு யாருமே வராத இடத்தில்.

அவளைத் தாண்டிப் போனது. கதவுப் பக்கம் நின்றது.

கதவு திறக்கவில்லை.

“யாரது?”



பிறகு அது திரும்பி வந்தது. சப்... சப்...

இப்போது வெறுங்கால்.

பக்கத்துப் பெட்டி ‘கிறீச்’ என்று அமுங்கியது.

யாரோ உட்கார்ந்தார்கள்.

அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வேண்டுதலை மட்டும் விடவில்லை.

3.05. கதவு திறந்தது. விளக்கு எரிந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. வாசலில் வாட்ச்மேன், முகம் வெளுத்துப்போய்.

“நல்ல வேளை, இன்னொரு சுத்து வந்தேம்மா. பூட்டும்போது இங்க செருப்பு இல்ல. இப்ப கிடக்கு. நெஞ்சு பகீர்னுச்சு. உங்க செருப்பா?”

“நான் இன்னைக்கு செருப்பே போட்டுட்டு வரலண்ணே.”

இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஆம்பளைச் செருப்பு. அதன் மேல் வெள்ளையாக உறைபனி. அறுந்த வாரை நீலக் கம்பியால் கட்டியிருந்தது.

வாட்ச்மேன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இங்க லோடுமேனா இருந்தாம்மா ஒருத்தன். பெருக்க வந்தவங்க அவன் செருப்பை எங்கேயோ ஓரமாத் தள்ளிட்டாங்க. உள்ள ஆள் இல்லைன்னு நெனச்சு நான்தான் பூட்டினேன். திங்கக்கிழமைதான் தெரிஞ்சுது...”

அவர் அந்த நீலக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். 

“இந்தச் செருப்பை என் கையாலதாம்மா அவன் குழிக்குள்ள வெச்சேன்.”

வேலையை விட்டுவிடச் சொல்லி அக்காவிடம் மன்றாடிப் பார்த்தேன். கேட்கவில்லை. இன்றும் அதே குளிரறைதான்.

“யாரையாவது அனுப்புன்னுதானேடா கேட்டேன்? உயிரோட இருக்கிறவங்களைத்தான் அனுப்பணும்னு நான் சொல்லலையே,” என்றாள். “அஞ்சு வருஷத்துல என் பக்கத்துல வந்து உக்காந்தது அவன் ஒருத்தன்தான்.”