மேடை ஓரத்தில் என் பெயர்

இந்த ஊரில் பஸ்ஸில் தும்மினால்கூட மன்னிப்புக் கேட்பார்கள். அதே ஜனங்கள் டிசம்பர் வந்தால் டிக்கெட் வாங்கி, பிள்ளைகுட்டிகளோடு அரங்கத்தில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துகிறார்கள். பேண்டோமைம் என்று பெயர். ஏதாவது ஒரு தேவதைக் கதை. வில்லன் வந்தால் எல்லாரும் ஊளையிட வேண்டும். ‘டேம்’ என்ற வேஷத்தில் ஓர் ஆண், பெரிய பாவாடையும் கொண்டையுமாக வந்து, பார்ப்பவர்களை வம்புக்கு இழுப்பார். நான் இங்கிலாந்துக்கு வந்த மூன்றாவது குளிர்காலத்தில், என் மேனேஜர் மார்ட்டின் எங்களையும் அழைத்தார். மறுக்க முடியவில்லை. என் கம்ப்யூட்டர் வேலை நீடிக்குமா என்பது அந்த வாரம் அவர் கையில் இருந்தது. வேலை போனால் விசாவும் போய்விடும்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பாவையும் (நைனா என்றுதான் கூப்பிடுவேன்) எட்டு வயது மகளையும் கூட்டிப்போனேன். நைனா பாலசமுத்திரத்தில் அடுத்தவர் கரும்பைக் கூலிக்கு வெட்டியே என்னைத் திருப்பதியில் எம்.சி.ஏ. வரை படிக்கவைத்தவர். ஆங்கிலம் தெரியாது. முன்வரிசையில் மார்ட்டின் குடும்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். சிரிப்பு வராத இடங்களிலும் நான் மார்ட்டினின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று விளக்கு வெளிச்சம் என்மேல் விழுந்தது. டேம் மேடை ஓரத்துக்கு வந்து, “உன் பேர் என்ன, செல்லம்?” என்றார்.

“மனி” என்றேன். முனிரத்தினம் என்ற என் பெயர் வாயில் நுழையாமல் அலுவலகத்தில் அப்படிச் சுருக்கியிருந்தார்கள்.

“பணமா! ஆயுசு முழுக்க உன்னைத்தானே தேடினேன்!”

அரங்கம் அதிர்ந்தது. அவர் கீழே இறங்கி என் மடியில் உட்கார்ந்தார். என் கோட்டுப் பையைத் துழாவினார். மார்ட்டின் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன், கன்னம் வலிக்க. டேம் மேடைக்குத் திரும்பிய பிறகுதான் பக்கத்தில் நைனா எழுந்து நிற்பதைக் கவனித்தேன்.

சித்தூரில் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாள் ஞாபகம் வந்தது. அங்கிருந்த குமாஸ்தா நைனாவின் தமிழ் கலந்த தெலுங்கைக் கேட்டுச் சிரித்து, “மள்ளி செப்பு” என்று ஒரே சொல்லை மூன்று முறை திரும்பச் சொல்லவைத்தார். அறையே சிரித்தது. நைனாவும் சிரித்தார். வெளியே வந்து குழாயடியில் நெடுநேரம் முகம் கழுவினார்.

“உக்காரு நைனா” என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டு நேராக மேடையருகே போனார்.

“ஆஹா, மாமனார் வந்துவிட்டார்!” என்றார் டேம். சிரிப்பு இரண்டு மடங்கானது.

நைனா சிரிக்கவில்லை. “அவன் பேரு மனி இல்ல. முனிரத்தினம். எங்க நைனா பேரு அது.”

டேம் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், “என்ன சொல்கிறார்?” என்றார். மார்ட்டினும் என்னைப் பார்த்தார். “நாடகம் ரொம்ப நன்றாக இருக்கிறதாம்” என்றேன்.

“பொய்!” என்று என் மகள் ஆங்கிலத்தில் கத்தினாள். “அப்பா பேர் மனி இல்லை என்கிறார் தாத்தா. முனிரத்தினம்!”

அரங்கம் அடங்கிப்போனது. சாயம் பூசிய அந்த மனிதர் மேடை விளிம்பில் மண்டியிட்டு, அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். வரவில்லை. நைனா நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது முறை வந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். நைனா திரும்பி வந்து உட்கார்ந்தார். மீதி நாடகத்தில் நான் எதையும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மார்ட்டின் என் வேலை நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டார், அது வேறு. நாடகம் முடிந்த அன்று சாயங்காலம், பனி தூறும் பஸ் நிறுத்தத்தில் நைனா கேட்டார்: “மூணு வருசமா அப்பிடித்தான் கூப்ட்டுகினு கீறாங்களா? நீ ஒருதபாகூட சொல்லலியா?”

“பயமா இருந்துச்சி நைனா.”

“அன்னிக்கி சித்தூர்ல நான் சிரிச்சதும் பயந்துகினுதான்டா. அத்த நீ கத்துக்குவேன்னு நெனைக்கல.”

பதில் சொல்ல வாயெடுத்தேன். எதிர்ச்சாரியிலிருந்து மார்ட்டின் கையசைத்து, “குட்நைட், மூனி... மூனிராட்னம்!” என்று கத்தினார். நைனா இந்தப் பக்கத்திலிருந்து, “முனிரத்தினம்!” என்று உரக்கத் திருத்தினார். இரண்டு பக்கமும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். மார்ட்டினுக்குப் பதிலாக உயர்த்திய கையோடு, எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நடுவில் நின்றேன்.